ஒன்று மூன்று நான்கு இரண்டு

புதுவயல் அரிசி மில்லுக்குப் பின்னால்
தவணை கட்டாத வண்டிகள் நிற்கும் கொட்டகை.
சாவிகள் என் மேசையில், நம்பர் கட்டி.
ஆறு வருஷமாய் அதற்குக் கணக்கெழுதுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
கணக்கில் வராத வேலை.

என் எஸ்டீமுக்கு டர்போ வைக்க வேண்டும்.
எந்த இஞ்சினில் என்பதுதான் பேச்சு.
சாக்கை விரித்து மூன்றை இறக்கி வைத்திருந்தான் ஜகுபர்.
மூன்றுக்கும் நாலு சிலிண்டர்.
மூன்றின் மேலும் ஒரே தவிட்டுத் தூசி.

"வெளியே போகிற புகைதானே உண்ணாமலை,
அதைப் பிடித்து ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டால்
சும்மா கிடைக்கிற காற்று."

சும்மாவா.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்குத்
தனிப் பேரேடு உண்டு.
புகைக்குக் கடன் கொடுத்துக்
காற்றாய் வசூலிக்கிற தொழில் இது.
அசல் தாங்குமா என்று பாராமல்
வட்டியைப் பேசுகிறான்.

முதலில் ஹோண்டா, ஆயிரத்து ஐந்நூறு.
ஏழாயிரம் சுற்றுக்கு ஏங்கும் வார்ப்பு.
தலையைக் கழற்றினால்
நாலு குழலும் மேலே பிடிப்பில்லாமல்
ஊருணியில் கழுத்தளவு நிற்கிறவர்கள் மாதிரி.
மருந்துக்கடை ஊசிக்குழாயில் எண்ணெய் விட்டு
எரியறையை அளந்தோம்.
வகுத்துப் பார்த்தேன்: பத்துக்கு மேல்.
ஏற்கெனவே மூச்சை இறுக்கிப் பிடித்திருக்கிறது.
இன்னும் ஊதினால் பெட்ரோல்
தன் முறை வருமுன் வெடிக்கும்.
அந்தச் சத்தம் தெரியும் எனக்கு:
தகர டப்பாவில் கூழாங்கல்.

அடுத்தது காண்டஸாவினுடையது.
முழு இரும்பு. தூக்க மூன்று பேர்.
அழுத்தம் ஒன்பதைத் தொடவில்லை.
"செக்காலையில் எந்த வீட்டிலும்
இத்தனை கெட்டிச் சுவர் கிடையாது" என்றான்.
எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்.
சுத்தியலால் தட்டினேன்.
பதில் கொஞ்சம் தாமதமாய் வந்த மாதிரி இருந்தது.
மண்ணெண்ணெய் தடவி, துடைத்து,
சாக்பீஸ் பொடி பூசிவிட்டு
டீ குடிக்கப் போனோம்.

திரும்பினால்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
ஈரமாய் ஒரு கோடு,
யாரோ கையெழுத்துப் போட ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டது போல.

"தைத்துவிடலாம். திருச்சியில் ஆள் இருக்கு."
"வில்லங்கம் உள்ள பத்திரத்துக்கு
நான் பணம் கொடுத்ததில்லை."
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
இரும்பைச் சாக்கால் மூடினான்,
நன்றாக, ஓரம் மடித்து.

மிச்சம் என்னுடையதேதான்.
ஆயிரத்து முந்நூறு.
ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இறக்கியிருந்தோம்,
ஓர் ஓரமாய், கொஞ்சம் கூச்சத்தோடு.
அலுமினியம், அதிகம் தாங்காது.
ஆனால் எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு தேதியும்
என் நோட்டில் இருக்கிறது.
ஒரு தவணை தவறியதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பிஸ்டன்.
தலைக்கடியில் தடித்த செப்புத் தகடு.
டீசல் காரிலிருந்து கழற்றிய சின்ன டர்போ,
உள்ளங்கையில் அடங்குகிற சக்கரம்.
அழுத்தம் ஒரு பார் கேட்டான்.
அரை என்றேன்.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"முக்கால்" என்றான்.
அரை.

ஆடி மாசம், ராத்திரி பத்தரை,
கண்டனூர் தாண்டி நேர் ரோடு.
ஒன்று மூன்று நான்கு இரண்டு
ஒன்று மூன்று நான்கு இரண்டு
மூவாயிரம் வரைக்கும் ஒன்றுமில்லை,
அதே பழைய எஸ்டீம்.
ஜகுபர் வாயைத் திறந்தான், ஏதோ சொல்ல.
அப்போதுதான் விசில்.
அவன் தலை சீட்டில் போய் இடித்தது.
வெளிச்சத்தில் கருவேலங்கள் ஒன்றாய்க் கலந்து
சுவராகின.
மைல்கல் ஒன்றும் படிக்கக் கிடைக்கவில்லை.

புளியமரத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.
சாவியைத் திருப்பவில்லை.
சூடு இறங்கும் வரை எண்ணெய் ஓட வேண்டும்,
இல்லாவிட்டால் பேரிங்கில் கருகிப் படியும்.
இரண்டு நிமிஷம்.
விளக்கில் பூச்சிகள் வந்து மோதின.
அவன் பிடரியைத் தடவிக்கொண்டான்.
"அணைக்கலாமா?"
"இன்னும் நாற்பது வினாடி."
"முக்கால் வைத்திருக்கலாம்."
நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.